ஐடா மேயின் வருகைப்பதிவு

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் மார்லா ஹென்ஸ்லி அன்றைக்குக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள்.

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து காலுறை ஆலையில் வேலை பார்த்தவள். ஆலையை இழுத்து மூடினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போயிருந்தான். போனவன் தன் ஆஸ்பத்திரிக் கடனில் பாதியை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். பிள்ளை குட்டி கிடையாது. முப்பத்து நாலு வயதில், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு கம்யூனிட்டி காலேஜில் மூச்சு சிகிச்சைப் படிப்பில் சேர்ந்தாள். வட கரோலினாவின் அந்த மலைப்பக்கத்தில் மர ஆலைத் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். வேலைக்குப் பஞ்சமே வராது என்று எல்லாரும் சொன்னார்கள்.

சர்க்கார் உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. ஆனால் செய்முறைப் பயிற்சிக்கு மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காரில் கியர் பெட்டி போய்விட்டது. வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. அந்தத் தொகை இதையெல்லாம் எட்டிப் பார்க்காது.

"படிப்ப விடறதுக்கு ஆன்லைன்ல ஒரு பட்டனைத் தட்டினாப் போதுமே கண்ணு, இவ்வளவு தூரம் ஏன் வந்தே?" என்றாள் ஓபல் ப்ரூயிட். அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். மாணவர்கள் எல்லாருக்கும் அவள் மிஸ் ஓபல்.

"நேர்ல சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு, மிஸ் ஓபல்."

"அப்ப விடறதுக்கு மனசில்ல." ஓபல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "ஒண்ணு இருக்கு. நெட்டில் ஓடை நிதி. ரெண்டு மூணு வருஷமா யாருமே கேட்டு வரல."

"ஏன், தொகை கம்மியா?"

"தாராளமாவே குடுப்பாங்க. கார் ரிப்பேரோ பெட்ரோலோ வாடகையோ, எதுக்குன்னு கூடக் கேக்க மாட்டாங்க. வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஏரிக்கு அந்தாண்ட போய்க் கல்லறை சுத்தம் பண்ணணும். பேர் கூப்பிடும்போது பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

"இது ஒரு பெரிய காரியமா? நீங்க போயிருக்கீங்களா?"

"எனக்குத் தண்ணின்னா ஆகாது," என்று சொல்லிவிட்டு ஓபல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டச்சு செய்ய அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நெட்டில் ஓடை என்ற ஊர் இப்போது ஏரிக்கு அடியில் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அணை கட்டினார்கள். ஊரும் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் மூழ்கின. மேட்டில் இருந்த கல்லறைத் தோட்டம் மட்டும் தப்பியது. அதற்குப் போகும் சாலையும் தண்ணீருக்குள் போய்விட்டதால் படகில்தான் போகவேண்டும். ஊரை விட்டுக் கிளம்பியவர்கள், நஷ்டஈட்டுப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நிதி வைத்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆர்வில் ஸ்டில்வெல், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மெதடிஸ்ட் சபையின் பின்கட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தக்காளி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார் மார்லா போனபோது.

மதிப்பெண் என்ன, வருமானம் என்ன என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

"சத்தமாப் பேசுவியா?"

"ஆலையில மெஷினுக்கு மேல கத்திக் கத்திப் பழக்கம் இருக்கு, சார்."

"அது போதும்." வாயைத் துடைத்துக்கொண்டார். "மேட்டுல படுத்திருக்கிறவங்க பேரை ஒவ்வொண்ணாக் கூப்பிடுவோம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க சொந்தக்காரங்க பதில் சொல்வாங்க. சொந்தம் அத்துப் போனவங்களும் இருக்காங்க. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த நிதி. உனக்கு ஐடா மே லெட்பெட்டர். ஒன்பது வயசுப் பொண்ணு. விஷக் காய்ச்சல் ஊரையே வாரிக்கிட்டுப் போன வருஷம் போனவ. அவங்க குடும்பம் அப்புறம் மரம் வெட்டற வேலைக்கு மேற்கே வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் போயிட்டாங்க. திரும்பி வரல."

"என்ன பதில் சொல்லணும்?"

"வகுப்புல பேர் கூப்பிட்டா என்ன சொல்வே?"

"உள்ளேன்னு."

"அதேதான்."

மே மாதக் கடைசி ஞாயிறு. அந்த மலைக்காரர்களுக்கு அது கல்லறை ஞாயிறு. டாய்ல் என்ற படகோட்டி தட்டையான பெரிய படகில் ஆட்களை இரண்டு நடையாக ஏற்றிச் சென்றான். பெண்கள் மடியில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்திருந்தார்கள். ஆண்கள் மண்வாரியும் துணிப்பூக்களும் எடுத்து வந்தார்கள். மேட்டில் புல்லை ஒரு இணுக்கு விடாமல் சுரண்டி, மண்ணை வாரிக் கூட்டி, ஒவ்வொரு கல்லறையையும் நீளமாகக் குவித்தார்கள். ஐடா மேயின் குவியல் மார்லா இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தைவிடக் குட்டையாக இருந்தது. கல்லில் எழுத்து தேய்ந்திருந்தது. மார்லா மஞ்சள் துணிப்பூ ஒன்றைக் குத்தி வைத்தாள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். பேருந்தில் பிள்ளைகளைச் சரிபார்க்கிற அதே குரல். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு 'உள்ளேன்' வந்தது. சில குரல்கள் கரகரத்தன. பேசப் பழகும் ஒரு குழந்தைக்கு அதன் தாய் சொல்லிக் கொடுத்து மழலையில் ஒன்று வந்தது, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஐடா மே லெட்பெட்டர்."

"உள்ளேன்," என்றாள் மார்லா.

குரல் அக்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. போனதைவிட மெல்லிசாக வந்ததுபோல் இருந்தது. எதிரொலி என்றால் அப்படித்தானே என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். அடுத்த வாரம் பணம் வந்தது. கியர் பெட்டியை மாற்றக் காரைப் பழுதுபார்க்கும் கடையில் விட்டாள்.

வண்டி தயாரா என்று கேட்கக் கடைக்குப் போன் செய்தபோதுதான் முதல் முறை நடந்தது.

"சொல்லும்மா கண்ணு," என்றான் கடைக்காரன். "அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்டக் குடு."

"நான் மார்லா ஹென்ஸ்லி பேசறேன். நீல கார்."

"விளையாடாதேம்மா, கடையில ஆள் நிக்குது. அம்மா வந்ததும் கூப்பிடச் சொல்லு." வைத்துவிட்டான்.

நேரில் போனபோது அவன் சாவியை நீட்டிக்கொண்டே சொன்னான். "உங்க பொண்ணு போன் பண்ணிச்சு. பெரிய மனுஷி மாதிரி உங்க பேரையே சொல்லுது. சூட்டிகையான குழந்தை."

"எனக்குப் பொண்ணு கிடையாது."

அவன் சாவியைக் கொடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். நேரில் அவள் குரல் எப்போதும் போலக் கட்டைக் குரலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வங்கியில், மின்சார அலுவலகத்தில், பல் மருத்துவரின் வரவேற்பில், எங்கே போன் செய்தாலும் இதே கதைதான். பெரியவங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டார்கள். ஒரு பெண், தனியா இருக்கியா பாப்பா, பயமா இருக்கா என்று கேட்டுவிட்டாள். போன் கெட்டுப்போயிருக்கும் என்று மார்லா வேறு போன் வாங்கினாள். அதிலும் அப்படியே. தன் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தாள். அது அவள் குரல்தான். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வேறு யாரோ பேசினார்கள். கொஞ்ச நாளில் போன் செய்வதையே விட்டுவிட்டு, எதுவானாலும் நேரில் போய் வரிசையில் நின்றாள்.

குளிர்காலத்தில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூச்சளவு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊதவேண்டும். எவ்வளவு காற்று வந்தது என்று கருவி கோடு போட்டுக் காட்டும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் அளந்து பார்த்தார்கள். மார்லா ஊதினாள். கோடு கொஞ்ச தூரம் எழும்பிச் சட்டென்று படுத்துவிட்டது.

ஆசிரியர் காடிஸ் கருவியைச் சரிபார்த்தார். தானே ஊதினார், சரியாக இருந்தது. மார்லாவை மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் அதே கோடு.

"மூச்சு முட்டுதா?"

"இல்ல சார். மாடிப்படி ஏறித்தான் வந்தேன்."

"ஆஸ்துமா இருந்தா கோடு இப்படி இருக்காது. இதுல அடைப்பே இல்ல. நுரையீரல் ஆரோக்கியமாத்தான் இருக்கு." அவர் தாடையைத் தடவினார். "ஆனா அளவு சின்னது. எட்டு ஒன்பது வயசுக் குழந்தைக்கு இவ்வளவு வரும்."

வகுப்பில் யாரோ, மார்லா சின்னப் பாப்பா என்றார்கள். சிரிப்பு எழுந்தது. மார்லாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். மூச்சு மேலே மட்டும், கழுத்தெலும்புக்குக் கீழே கொஞ்சமாக, பறவைக் குஞ்சுக்குப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த இடம் முழுக்கக் காலியாக, யாருக்கோ விட்டுக்கொடுத்த மாதிரி அசையாமல் கிடந்தது.

அன்றைக்கே ஆர்வில் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்துப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

"மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"

"இல்ல."

"அப்பப் பரவாயில்ல. சிலருக்கு அப்படி ஆகும். வெல்டிங் படிச்ச பையன் ஒருத்தன், மர ஆலையில கால் போன ஆளுக்குப் பதில் சொன்னான். வருஷம் பூரா நொண்டினான். ஆனாலும் பாஸ் பண்ணிட்டான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மிஸ்டர் ஆர்வில்."

"சொன்னா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்." மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். "நூறு வருஷமா அவளுக்குன்னு யாரும் வாயத் திறக்கல. நீ திறந்தே. அவளும் அந்த வழியா ஒரு எட்டு வந்து பாக்கறா. கெடுதல் பண்றதுக்குக் குழந்தைக்கு என்ன தெரியும்? வர்ற மே மாசம் நீ பேசாம இருந்துட்டா அது தானா விட்டுடும்."

"பேசாம இருந்தா ரெண்டாம் வருஷத்துப் பணம்?"

"பதில் சொல்றவங்களுக்குத்தான் பணம். நான் வெச்ச சட்டம் இல்ல இது."

"சொந்தக்காரங்க யாராவது வந்தா?"

"வந்தா அவங்க பதில் சொல்வாங்க, அவளும் அவங்களோட ஆயிடுவா. உனக்கு அவ பேர் இருக்காது. பணமும் இருக்காது. ஆனா யாரு வரப் போறா? நீ பேசாம ரெண்டாவது தடவையும் சொல்லிட்டுப் படிப்ப முடிச்சுக்க."

மார்லாவும் அப்படித்தான் முடிவு செய்தாள். இன்னும் ஒரு வருஷம் சின்ன மூச்சில் ஓட்டிவிட்டால் போகிறது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரிப் பயிற்சியின்போது ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை, நெஞ்சில் சளி கட்டி விலா எலும்பு உள்ளே இழுத்தது. பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் யாரோ பார்த்து ஆம்புலன்ஸை அழைத்திருந்தார்கள். தாய் வேலை இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். முகமூடியைப் பிடித்துக்கொள்வதுதான் மார்லாவின் வேலை. மருந்துப் புகை உள்ளே போகப் போகக் குழந்தையின் நிறம் திரும்பியது. ஆனால் கண் மட்டும் வாசலைவிட்டு அகலவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் எட்டிப் பார்த்தது. வந்தது வேறு யாரோ என்று தெரிந்ததும் மறுபடி கதவையே பார்த்தது. கடைசியில் தாய் ஓடி வந்து கட்டிலில் விழுந்தபோது குழந்தை அழவில்லை. "எங்க போயிட்டே?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டது.

மார்லா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டும் ஊர்களில் இருக்கும் லெட்பெட்டர்களின் போன் எண்களைத் தேடி எடுத்தாள். தன் கைக்கு வரும் பணத்தைத் தானே தள்ளிவிடுகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு மளமளவென்று எண்களைத் தட்டினாள். ஒருத்தி, பெரியவர்களைப் பேசச் சொல் என்று வைத்துவிட்டாள். ஒருவன், இந்தப் பக்கம் யாரும் குழந்தை வேடிக்கைக்கு ஏமாற மாட்டார்கள் என்று திட்டினான். அதற்கடுத்த எண்ணில் ஒரு கிழவர் எடுத்தார்.

அவர் இடையில் பேசவே இல்லை. மார்லா தன் பெயரைச் சொன்னாள், எந்த ஊரிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாள். ஐடா மே லெட்பெட்டர் என்ற பெண்ணின் கல்லறை இங்கே இருக்கிறது, அவள் உங்களுக்கு உறவா, உறவென்றால் மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் ஏரிக்கரைக்கு வாருங்கள் என்றாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "சரிம்மா" என்றார் கிழவர். வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மார்லாவுக்கு உள்ளூர நிம்மதிதான், அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் கல்லறை ஞாயிறன்று அவள் முதல் நடைப் படகிலேயே போய்விட்டாள். குட்டைக் குவியலைச் சுரண்டிக் கூட்டினாள். இந்த முறை பூவோடு ஒரு சின்னக் காற்றாடியும் வாங்கி வந்திருந்தாள். காற்றே இல்லாத நாள். ஏரி தகடு போலக் கிடந்தது. அவள் குத்தி வைத்த காற்றாடி, கொஞ்ச நேரத்தில் தானாக மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்துக் கல்லறையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்மணி அதைப் பார்த்தாள், மார்லாவைப் பார்த்தாள், தன் மண்வாரியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் தள்ளிப் போனாள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. மார்லா உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ஐடா மே லெட்பெட்டர்."

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. நெஞ்சில் இருந்த அந்தச் சின்ன மூச்சும் எதையோ உற்றுக் கேட்பதுபோல அப்படியே நின்றுவிட்டது.

"உள்ளேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஏரியிலிருந்து ஏறி வரும் பாதையில் ஒரு கிழவர், தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி, மேட்டில் ஏறிய களைப்பில் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். இரண்டாம் நடைப் படகில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் டாய்ல் நின்று தலையைச் சொறிந்தான்.

அந்தக் கணத்தில் மார்லாவுக்கு மூச்சு இறங்கியது. கழுத்தெலும்பைத் தாண்டி, விலாவைத் தாண்டி, அடிவயிறு வரைக்கும் போய்த் தொட்டது. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தலை சுற்றி, குவியலுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காற்றாடி நின்றிருந்தது.

எல்லாரும் மர மேஜையில் சாப்பாட்டைப் பரப்பியபோது கிழவர் தட்டோடு அவளருகில் வந்து உட்கார்ந்தார். வெர்ன் லெட்பெட்டர் என்றார். எண்பது வயது நெருங்கியவர். மரத்தூள் வாசனை அவர் சட்டையிலேயே ஊறிப் போயிருந்தது.

"போன்ல பேசின அந்தச் சின்னப் பொண்ணு எங்கம்மா? அவளைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான்தாங்க பேசினேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா. அது குழந்தை."

மார்லா கோழித் துண்டைக் கீழே வைத்தாள். "குழந்தை என்ன சொன்னா?"

"பேரைச் சொன்னா. ஐடா மேன்னு. அப்புறம், 'ரெஸ்டன் எங்க, ரெஸ்டன் ஏன் வரல'ன்னு கேட்டா." கிழவர் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. "ரெஸ்டன் எங்க அப்பா. அங்க வந்ததும் ஜார்ஜ்னு பேரை மாத்திக்கிட்டார். அவர் செத்தப்புறம் பழைய பைபிள்ல குடும்பத்துப் பேரெல்லாம் எழுதி வெச்சிருந்ததைப் பாத்துத்தான் எனக்கே அந்தப் பேர் தெரியும். அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்து சின்ன வயசுல செத்துப்போச்சுன்னு தெரியும். எங்க புதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டார்."

"நான் அதெல்லாம் சொல்லவே இல்ல, மிஸ்டர் லெட்பெட்டர். எனக்கு ரெஸ்டன்னா யாருன்னே தெரியாது."

"தெரியும்மா. நீ சொல்லலன்னு தெரியுது." அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "'எல்லாரும் ரயில் ஏறிட்டாங்க, நான் இங்கேயிருந்து கூப்பிட்டேன், யாருக்கும் கேக்கல'ன்னா. குற்றம் சொல்ற மாதிரி கூட இல்ல. நடந்ததைச் சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்துச்சு. ஏன் தெரியுமா? எங்க அப்பா சாகற வரைக்கும் எந்த வண்டியில ஏறினாலும் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாப்பார். நாங்க பசங்கல்லாம் அதைச் செஞ்சு காட்டிக் கேலி பண்ணுவோம்."

மேஜையின் அடுத்த முனையில் யாரோ எலுமிச்சைக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பது வயசு அத்தை," என்றார் கிழவர் கடைசியில். "எனக்குப் பேத்திகளே அவளைவிடப் பெரியவங்க."

ஆர்வில் மெதுவாக வந்து மார்லாவைத் தனியே அழைத்தார்.

"அவளுக்குச் சொந்தம் வந்தாச்சு. நீ நல்ல காரியம் பண்ணினே."

"எனக்குப் பணம் போச்சு."

"போச்சுதான்." அவர் கல்லறை வரிசையைக் கண்ணால் அளந்தார். "ஆனா இன்னும் கூப்பிடாத பேர் இருக்கு. பதில் சொல்ல ஆளில்லாம விட்டு வெச்சது. வேணும்னா இப்பவே கூப்பிடறேன்."

மார்லா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டாள். திரும்பக் கிடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"எப்படிச் செத்தவங்க?"

"ஒருத்தன் மரக்கட்டை உருண்டு..."

"வேண்டாம். அடுத்தது?"

"வீடு தீப்பிடிச்சு ஒரு அம்மா..."

"மிஸ்டர் ஆர்வில்."

"இரு, யோசிக்கறேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "லொவாடா க்ரிஸ்ப். எண்பத்தோரு வயசு. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுட்டு நாற்காலியில கண்ணசந்தவ, எழுந்திருக்கல."

"கோபக்காரியா?"

"கேள்விப்பட்டவரைக்கும் தங்கமானவ. வாய் மட்டும் ஓயாது."

"அவளைக் கூப்பிடுங்க."

ஆர்வில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொப்பியைக் கழற்றினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அவர் கூப்பிட்டார். மார்லா சொன்னாள். அக்கரை மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது வெர்ன் லெட்பெட்டர் படகில் ஏறுமுன் நின்று, மேட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் லேசாகக் குனிந்து, ஒரு குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கையை நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒரு பக்கம் சாய்ந்தபடி மெல்ல ஏறினார். மிதவைச் சட்டை போடாமல் ஒருவரையும் ஏற்ற மாட்டான் டாய்ல். அவன் இருக்கைக்கு அடியில் தேடிக் குழந்தைகளுக்கான ஆரஞ்சுச் சட்டை ஒன்றை எடுத்துக் கிழவரிடம் நீட்டினான். எதற்கு என்று கிழவரும் கேட்கவில்லை. வாங்கித் தன் பக்கத்துக் காலி இடத்தில் விரித்து வைத்தார். கரை வந்துசேரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கையை இருக்கையின் விளிம்பில் அணை போல வைத்திருந்தார்.

கரையில் டாய்ல் சட்டைகளைச் சேகரித்து ஆணியில் மாட்டினான். சின்னதை எடுத்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வார்கள் மூன்றும் ஒழுங்காகக் கொக்கி மாட்டி இறுக்கியிருந்தன. அவன் மார்லாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் கொக்கிகளைக் கழற்றாமல் அப்படியே மாட்டிவிட்டான்.

கிழவர் வாடகைக் காரில் விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போனார். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு அஞ்சலட்டை போட்டார். வீட்டில் எல்லாரும் நலம், சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி கூடப் போட்டிருக்கிறோம், நாய் முதல் இரண்டு நாள் அதைப் பார்த்துக் குரைத்தது, இப்போது அதன் காலடியில்தான் படுக்கிறது என்று எழுதியிருந்தார்.

மார்லாவின் இரண்டாம் வருஷம் மோசமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கியது. வகுப்பில் நின்றுகொண்டே குறிப்பெடுத்தாள். மழைக்கு முன்னால் முழங்கால் வலித்தது. வீட்டில் தனியாக இருக்கும்போதும் வாய் ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாள். மளிகைக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்து அவள் பையைக் கார்வரை தூக்கி வந்தார்கள், படியிறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி வந்த கிழவர்கள், அவள் முகமூடியை வைத்ததும் காரணமில்லாமல் சாந்தமானார்கள். அவளிடம் செத்துப்போன தங்கள் அக்காமார்களைப் பற்றிச் சொன்னார்கள். தேர்வில் தேறி அதே ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வேலை கிடைத்த பிறகு வந்த மே மாதத்தில் அவள் பதில் சொல்லவில்லை. முழங்கால் வலி அந்த வாரமே விட்டது. அதற்கப்புறம் சில நாள் வீடு ரொம்பவும் அமைதியாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் மிஸ் ஓபல் அவளுக்குப் போன் செய்தாள். பல்பொருள் கடையில் வேலை போன ஷானா டில் என்ற பெண், நாற்பதைத் தாண்டியவள், ரேடியாலஜி படிக்கச் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், காரே கிடையாது. நெட்டில் ஓடை நிதியைப் பற்றி விசாரிக்கிறாள், நீ இரண்டு வார்த்தை பேசேன் என்றாள். மார்லா ஆஸ்பத்திரி உணவகத்தில் ஷானாவைச் சந்தித்தாள். காரை எங்கே சகாயமாக வாங்கலாம், எந்த வாத்தியார் கெடுபிடி, பயிற்சிக்கு எந்தக் காலணி போட்டால் கால் வலிக்காது என்று நிறையப் பேசினார்கள்.

"அந்த ஏரி விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடல," என்றாள் ஷானா கடைசியில். "சும்மா போய்ப் பதில் சொன்னா இவ்வளவு பணம் குடுக்கறாங்களா? ஏதாவது சூது இருக்கா?"

"சூது ஒண்ணும் இல்ல. பணம் சொன்ன தேதிக்கு வந்துடும்."

"அப்ப எதையாவது முன்கூட்டிக் கேட்டுக்கணுமா?"

"கேட்டுக்கோ," என்றாள் மார்லா. "ஆர்வில் ஒரு பேர் சொல்வார். உடனே சரின்னு தலையாட்டாதே. அவங்க எப்படிச் செத்தாங்கன்னு முதல்ல கேளு."

ஷானா சிரித்தாள். மார்லா சிரிக்காமல் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து அதைக் காகிதக் கைக்குட்டையில் குறித்துக்கொண்டாள்.